மாட்டுக்கும் ஊறுகாய் போடலாம்



மரவள்ளிக் கிழங்கு என்றதும் நம் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது ஜப்பான்காரன் காலம். 1942 முதல் 1945 வரை அரிசிக்குத் திண்டாடிய தோட்டப்புற மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது அந்தக் கிழங்குதான். இன்று அதே கிழங்கு, தீவனச் செலவில் திணறும் மாட்டுக்காரர்களுக்குக் கைகொடுக்குமா?

ஜொகூரில் குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் லயத்து வீட்டுக் காலத்திலேயே மாடு வளர்த்தவர்கள் நம்மவர்கள். பால்மரக் காட்டில் மேய்ந்து வந்த மாட்டுக்கு அன்று செலவு குறைவு. பல தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட பிறகு மேய்ச்சல் நிலம் சுருங்கியது. கடைத் தீவனத்தை நம்ப வேண்டியதாயிற்று. அதில் சேரும் மக்காச்சோளமோ பெரும்பாலும் கப்பலில் வருவது. 2022-இல் உக்ரேன் போர் மூண்டு உலகச் சந்தையில் தானிய விலை ஏறியபோது, அந்தச் சுமை நம் மாட்டுக் கொட்டகை வரை வந்தது.

மரவள்ளி நம் மண்ணிலேயே விளைகிறது. மாவுச்சத்து நிறைந்தது. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் திப்பியை மாடுகளுக்குப் போடுவது வழக்கம். அப்படியிருந்தும் பலர் மரவள்ளியை மாட்டின் பக்கமே கொண்டுபோக அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் உண்டு. கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பச்சை இலையை வயிறு நிறையத் தின்ற மாடு, மூச்சுத் திணறிச் சிறிது நேரத்திலேயே செத்துப் போகலாம். போதாக்குறைக்கு, தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெட்டுவிடும்.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே மருந்து, புளிக்க வைப்பது. கிழங்கை மண் போகக் கழுவி, மெல்லிய துண்டுகளாக நறுக்கி, அரை நாள் நிழலில் பரப்ப வேண்டும். 100 கிலோவுக்கு அரைக் கிலோ உப்பு கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் அடுக்கடுக்காக மிதித்து அமுக்க வேண்டும். காற்று புகாமல் மூடி வைத்தால், தயிரைப் புளிக்க வைப்பது போன்ற நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். மூன்று நான்கு வாரங்களில் புளிப்பு ஏறிப் பதமாகிவிடும். நஞ்சும் பெருமளவு குறைந்துவிடும். இனிய புளிப்பு வாடை வந்தால் நல்லது. பூஞ்சை பிடித்து நாற்றம் அடித்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். இரக்கப்பட்டு மாட்டுக்குப் போடக் கூடாது.

இதை மட்டும் கொடுத்தால் பால் பெருகும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். காய்ந்த கிழங்கில் புரதம் 2, 3 விழுக்காடுதான். ஆகவே புல்தான் முதன்மை உணவு. அதனுடன் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு, நன்றாகக் காயவைத்த மரவள்ளி இலை போன்றவை சேர வேண்டும். தாய்லாந்தில் கோன் கேன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஈஸ்ட்டும் யூரியாவும் சேர்த்து மரவள்ளியை நொதிக்க வைத்து, புரதத்தைப் பல மடங்கு உயர்த்திக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் யூரியா அளவு தவறினால் அதுவே நஞ்சு. கால்நடை மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

புதுத் தீவனத்தை ஒரே நாளில் கொட்டுவதும் ஆபத்து. மாவுச்சத்து திடீரெனக் கூடினால் மாட்டின் வயிறு புளித்துப் படுத்துவிடும். ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு வாரங்களில் மெல்லக் கூட்ட வேண்டும்.

குளுவாங்கில் மார்டியின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கால்நடைச் சேவைத் துறையின் பயிற்சிக் கழகமும் அங்கேதான் இருக்கிறது. கேட்டால் சொல்லித்தர ஆள் உண்டு. கேட்கத்தான் நம்மவர்களுக்குத் தயக்கம். பத்து மாடு வைத்திருப்பவர் பத்துக்கும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஒரு பீப்பாய் போட்டு, ஒரு மாட்டுக்குக் கொடுத்து, பாலையும் செலவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கு சரிப்பட்டு வந்தால், அடுத்த பீப்பாயைத் தாமே போடுவார்.