சொல்லும் அதன் துணையும்

கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோரத்தில் வாழும் ஒரு மாணவியை நேயர்கள் மனக்கண் முன் நிறுத்திப் பார்க்கலாம். அவளுடைய தந்தையார் கடற்றொழிலாளர். உயர்தரப் பரீட்சையில் தேறிய அவள், வெளிநாடு சென்று தாதியர் கல்வி பெற விரும்புகிறாள். அதற்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். எனப்படும் ஆங்கிலப் பரீட்சையில் வேண்டிய படியை அடைதல் வேண்டும். பரீட்சைக் கட்டணத்திற்காகத் தாயாரின் காப்பு அடைவு வைக்கப்பட்டிருக்கிறது.

பேச்சுப் பகுதியில் பரீட்சகர் அவளுடைய ஊரின் காலநிலையைப் பற்றிக் கேட்கிறார். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று சுழன்றடிப்பதையும், கடல் கொந்தளிப்பதையும், வள்ளங்கள் கரையேற்றப்பட்டுக் கிடப்பதையும் அவளைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆயினும் காற்றை ‘ஹெவி விண்ட்’ என்கிறாள். மழையை ‘ஸ்ட்ரோங் ரெயின்’ என்கிறாள். காய்ச்சல் கண்ட நாளில் மருந்து குடித்ததைச் சொல்லவந்து, ‘டிரிங்க் மெடிசின்’ என்கிறாள். இலக்கணம் வழுவவில்லை, உச்சரிப்பிலும் பெருங்குறை இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலச் சொல்லே. எனினும் கேட்பவர் செவிக்கு அது முழு ஆங்கிலமாக ஒலிக்கவில்லை. இதற்குக் காரணம் யாது?

சொற்களைத் தனித்தனியே கற்றதே காரணம். ஆங்கிலேயர் காற்றை ‘ஸ்ட்ரோங்’ என்றும், மழையை ‘ஹெவி’ என்றும் வழங்குவர். அங்கே சாயம் கூடிய தேநீரும் ‘ஸ்ட்ரோங்’ ஆனதே. மருந்தை அவர்கள் குடிப்பதில்லை. ‘டேக்’ என்று சொல்லி எடுத்துக்கொள்வர். ஏன் இவ்வாறு என்று வினவினால், அதற்குத் தருக்கநூல் விடை தராது. வழக்கமே விடை.

இது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய விந்தை அன்று. தமிழ்ப் பிள்ளைகள் கீழ் வகுப்புகளிலேயே மரபுச் சொற்களைக் கற்கின்றனர். குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், ஆந்தை அலறும். பசுவின் இளமை கன்று. ஆட்டின் இளமை குட்டி. கோழியின் இளமை குஞ்சு. ‘கோழிக்கன்று’ என்று ஒருவர் கூறினால் பொருள் விளங்கும். ஆயினும் வகுப்பறை சிரிப்பால் நிறைந்துவிடும். அந்தச் சிரிப்புக்கு எது காரணமோ, அதுவே பரீட்சகரின் புள்ளித்தாளிலும் வேலை செய்கிறது.

தொல்காப்பியர் இதனை நுணுகி ஆராய்ந்தவர். வெவ்வேறு வினைகளுக்குரிய பல பொருள்களை அடக்கிய பொதுச்சொல்லுக்கு, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையைக் கொடுத்தல் ஆகாது என்று கிளவியாக்கத்தில் விதி செய்தார். உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் அடங்கிய அடிசிலை ‘அயின்றார்’ எனல் வேண்டும்; ‘தின்றார்’ எனல் பொருந்தாது என்று உரையாசிரியர்கள் விளக்கினர். எந்தப் பெயருக்கு எந்த வினை துணை என்னும் கேள்வி தமிழ் மாணவருக்குப் புதியது அன்று. அது அவருடைய முதுசொம்.

மேனாட்டாரும் இதனைப் பின்னர் ஆராய்ந்தனர். யப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஹரோல்ட் பாமர் என்னும் அறிஞர், ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து 1933இல் தோக்கியோவில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்நிய மொழி மாணவர் எங்கே இடறுகின்றனர் என்பதை வகுப்பறையில் நாள்தோறும் கண்டவர் அவர். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து இங்கிலாந்து மீண்ட ஜே. ஆர். ஃபேர்த், ஒரு சொல்லை அது கூடிப் பழகும் சொற்களைக் கொண்டும் அறியவேண்டும் என்ற கருத்தை 1950களில் வலியுறுத்தினார். மனிதரை அவர் சேரும் இனத்தைக் கொண்டு அறிவது போன்றதே இது.

தமிழ் மாணவர் பெரிதும் இடறுமிடம் எளிய வினைச்சொற்களே. தமிழில் ‘செய்’ என்னும் ஒரு சொல் பல வேலைகளைத் தாங்குகிறது. ஆங்கிலத்தில் அது பிரிந்து நிற்கிறது. தவறு செய்தல் ‘மேக் எ மிஸ்டேக்’. முயற்சி செய்தல் ‘மேக் அன் எஃபர்ட்’. வீட்டுப்பாடம் செய்தல் ‘டூ ஹோம்வேர்க்’. குற்றம் செய்தலோ ‘கமிட் எ கிரைம்’. விளக்கைப் போடுவதற்கு ‘புட்’ உதவாது. ‘ஸ்விட்ச் ஓன்’ என்றே கூறல் வேண்டும். தந்தையார் தொழிலுக்குக் கடலேறுவது ‘கோ அவுட் டு சீ’. ‘கோ டு த சீ’ என்றால் கடற்கரைக்கு உலாவச் செல்வதாகவும் பொருள்படும். ஒரு சிறு சொல் தொழிலாளியை உல்லாசப் பயணி ஆக்கிவிடுகிறது!

இரு மொழிகளும் கைகோத்து நடக்கும் இடங்களும் உள. புத்தளத்து உப்பளங்களில் உப்பு ‘விளைகிறது’ என்பது தமிழ் வழக்கு. ஆங்கிலமும் நெல்லுக்குரிய ‘ஹார்வெஸ்ட்’ என்னும் அறுவடைச் சொல்லை உப்புக்கும் வழங்குகிறது. வலை வீசுதல் ‘காஸ்ட் எ நெட்’ ஆகும். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு மகிழ்ந்து, வேற்றுமைகளை மட்டும் குறித்துவைத்தால் பாதிச் சுமை குறையும்.

இனி, பரீட்சை எதனை நாடுகிறது என்பதைக் காணலாம். பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம் வரை நிகழும். முதலில் ஊர், வீடு, கல்வி முதலிய பழகிய பொருள்கள்; அடுத்து, ஒரு நிமிடம் சிந்தித்து, இரண்டு நிமிடம் வரை ஆற்றும் தனிப்பேச்சு; இறுதியில் கலந்துரையாடல். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்னும் நான்கும் அளக்கப்படுகின்றன. சொல்வளத்தின் ஏழாம் படிக்கு வெளியிடப்பட்ட விளக்கத்தில் சொற்சேர்க்கை பற்றிய உணர்வு வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. மனப்பாடம் செய்த வாசகங்களோ மிகத் தாழ்ந்த படிகளின் அடையாளமாகக் கருதப்படுகின்றன.

ஆதலின், அலங்காரத் தொடர்கள் நூறு அடங்கிய பட்டியலை விலைகொடுத்து வாங்கி ஒப்புவிப்பது அறிவுடைமை ஆகாது. மழையைக் கேட்டவுடன் பூனையும் நாயும் பொழிவதாகச் சொல்லும் பழைய தொடர் இரவல் நகை போன்றது. கேட்பவர் உடனே கண்டுகொள்வர். ‘ஹெவி ரெயின்’ என்ற எளிய தொடர் சொந்தக் காப்பு. உடலோடு பொருந்தி நிற்கும்.

அவ்வாறாயின் பயிலும் முறை யாது? ஒரு கொப்பி போதும். அதில் தனிச்சொல் எதனையும் எழுதலாகாது. பெயரும் அதன் வினையும், அல்லது பெயரும் அதன் அடைமொழியும் சேர்ந்தே இடம்பெறல் வேண்டும். தலைப்புகளை மாணவர் தம் வாழ்விலிருந்தே எடுக்கலாம்: கடல், உப்பளம், சந்தை, கோயில் திருவிழா, பள்ளிவாசல், பாடசாலை. கிழமைக்குப் பத்துத் தொடர் போதுமானது. ஆங்கிலச் செய்தி கேட்கும்போதும் கதை வாசிக்கும்போதும், தெரிந்த சொல் தெரியாத துணையோடு வந்தால் அதனையே குறித்தல் வேண்டும். பின்னர் பெயரை மட்டும் ஒருவர் சொல்ல, மற்றவர் துணைச்சொல்லை விடுத்தல் நன்று. இறுதியாக, அத்தொடர்களைக் கொண்டு இரண்டு நிமிடம் வாய்விட்டுப் பேசிக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, தாமே கேட்டுத் திருத்தலாம். கண்ணால் மட்டும் கற்ற தொடர் பரீட்சகர் முன் நாவில் வராது.

இந்தக் கரையிலிருந்து ஆங்கிலத்தை வசப்படுத்தியவர் முன்னரும் உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் இடங்களை விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் கூறும் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை 1859இல் அம்மொழியிலேயே தந்தார். ஆங்கிலப் புலமை அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. தமிழைப் பிறருக்கு எடுத்துரைக்கவே துணைநின்றது.

அம்மாணவி மீண்டும் பரீட்சகர் முன் அமரும் நாளில், தன் ஊரின் காற்றையும் கடலையும் தந்தையாரின் தொழிலையும் உரிய துணைச்சொற்களோடு கூறுவாளாயின், அவள் கூறுவது மனப்பாடம் ஆகாது. தன் வாழ்வே ஆகும். அடைவுக் கடையிலிருந்து மீளவேண்டிய காப்புக்கு அதனினும் உறுதியான வழி வேறில்லை.