கைக்காசா? கைப்பக்குவமா?

'முக அழகுக்குத் தேவை கைக்காசா, கைப்பக்குவமா?' என்ற தலைப்பில், கைப்பக்குவமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னாடி பேசின சகோதரி என்ன சொன்னாங்க? "கழுவ ஒண்ணு, துடைக்க ஒண்ணு, பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு, நாலு டப்பா இல்லாம முகம் தேறாது"ன்னாங்க. அம்மா, வீட்டுல நாலு பேர் இருந்தா பதினாறு டப்பா! அதை அடுக்க அலமாரி வாங்கவே கடன் வாங்கணுமே! (சிரிப்பு)

நான் செஞ்சு பார்த்ததைச் சொல்றேன். போன மார்கழியில சாதாரண கோல்ட் கிரீம் ஒரே ஒரு டப்பா வாங்கினேன். நூறு ரூபாய்க்குள்ளதான். ராத்திரி வேலை முடிஞ்சதும், தண்ணி படாத முகத்துல சுண்டைக்காய் அளவு தடவி, மெதுவா தேய்ச்சு, வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச பழைய வேட்டித் துணியால துடைச்சேன். பவுடர், கண் மை, பஸ் புழுதி எல்லாம் துணியோட வந்துடுச்சு. ஈரம் காயறதுக்குள்ள மிளகளவு எடுத்துப் பூசினேன். அவ்வளவுதான்! பத்து நாள்ல கன்னம் வெள்ளை வெள்ளையா உரியறது நின்னுது. மாசக் கடைசியில டப்பாவுல மிச்சமும் இருந்தது. (கைதட்டல்)

இது மாயமில்லை. கூத்துக் கலைஞர்கள் அரிதாரத்தைக் கலைக்கத் தேங்காய் எண்ணெய்தானே தடவுகிறார்கள்? எண்ணெய்ப் பசையை எண்ணெய்தான் கரைக்கும். சோப்பு காரம், அது தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். கிரீமோ மேலே மெல்லிய படலமாக நின்று ஈரம் வெளியேறாமல் காக்கும். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ரோமில் வாழ்ந்த மருத்துவர் கேலன் தேன்மெழுகு, எண்ணெய், பன்னீர் சேர்த்து இப்படி ஒன்றைத் தயாரித்ததாகச் சொல்வார்கள். பூசினால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும். அதனால்தான் அது 'கோல்ட்' கிரீம்!

"விலை கூடினா தரம் கூடும்"னாங்க. டப்பாவைத் திருப்பிப் படிங்க. அதிகமா இருக்கற பொருள்தான் முதல்ல வரும். பெரும்பாலும் அது என்ன தெரியுமா? தண்ணீர்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நியாயத்தையும் சொல்லிடறேன். எண்ணெய் வழியற, பரு வர்ற முகத்துக்கு இது ஒத்து வராம போகலாம். அரிப்போ சிவப்போ வந்தா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டணும்.

ஆனா நான் பயப்படறது வேற டப்பாவுக்கு. "ஏழே நாள்ல கலராகலாம்"னு கடையில எடுத்துக் கொடுக்கறாங்களே, அப்படிப்பட்ட சிலதுல ஸ்டீராய்டு மருந்து இருக்கும். முதல்ல பளபளக்கும், நாளாக நாளாகத் தோல் மெலியும், பரு கிளம்பும், வெயில் பட்டா எரியும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கறுப்பு என்ன நோயா, மருந்து போட? நம்ம பொண்ணுகளுக்கு இதை யார் சொல்றது? நாமதானே சொல்லணும்! (பலத்த கைதட்டல்)

முகத்துக்கு வேணுங்கறது ரெண்டே ரெண்டு. அழுக்குப் போகணும், ஈரம் போகக்கூடாது. இரண்டையும் ஒரே டப்பாவில் முடிப்பது கைக்காசு அல்ல, கைப்பக்குவமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.