மரங்களுக்கு நடுவே ஓட ஒரு பாதை



ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் யார் முந்தினார், எத்தனை நொடியில் என்றுதான் கேட்போம். எதன்மேல் ஓடினார் என்று கேட்பவர் குறைவு. சுவீடனின் நடுப்பகுதியில் யெம்ட்லாண்ட் என்றொரு பிரதேசம் இருக்கிறது. மலையும் ஏரியும் போக மற்றதெல்லாம் பெரும்பாலும் காடு. அங்கே தரைதான் முதல் கேள்வி.

ஊர் முடிகிற இடத்திலேயே பைன் மரங்களும் ஸ்ப்ரூஸ் மரங்களும் ஆரம்பித்துவிடும். அந்த விளிம்பில், உள்ளூர் விளையாட்டுச் சங்கத்தின் மரக்கொட்டகைக்குப் பக்கத்திலிருந்து ஓட்டப்பாதை கிளம்பும். இரண்டரை கிலோமீட்டரோ ஐந்து கிலோமீட்டரோ காட்டுக்குள் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். எந்தச் சுற்று எது என்று காட்ட, கம்பங்களில் வண்ணம் பூசியிருப்பார்கள். சிக்கலான வேர்களை வெட்டி எடுத்து, மரப்பட்டைத் தூளும் அறுப்புத் தூளும் கொட்டிப் பரப்பியிருப்பார்கள். வைக்கோல் பரப்பிய களத்தில் கால் வைத்த மாதிரி இருக்கும். சதுப்பு வந்தால் பலகை போட்டிருக்கும். இவ்வளவையும் பெரும்பாலும் சங்கத்து ஆட்களே சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள்.

பல பாதைகளில் மின்விளக்கும் உண்டு. காட்டுக்குள் விளக்கா என்று முகம் சுளிப்பவர்கள் அங்கே ஒரு டிசம்பரைக் கழித்திருக்க மாட்டார்கள். அந்த மாதத்தில் பகல் ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான். வேலைக்குப் போகிறவருக்கு வெளிச்சத்தில் ஓட வாய்ப்பே கிடையாது. அந்த விளக்குக் கம்பங்களை நான் அழகுக் குறைவாக நினைக்கவில்லை. ராத்திரி ஒரு நேரத்துக்கு மேல் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அதன்பிறகு காடு மிருகங்களுக்கு.

இந்த மண்ணுக்கு ஏற்ற ஒரு பயிற்சி முறை 1930களில் உருவானது. பாவோ நூர்மி போன்ற பின்லாந்து வீரர்களிடம் சுவீடன் ஓட்டக்காரர்கள் தோற்றுக்கொண்டே இருந்த காலம் அது. கோஸ்தா ஹோல்மேர் என்ற பயிற்சியாளர், தடகள மைதானத்தை விட்டுக் காட்டுக்குள் போகச் சொன்னார். ஃபார்ட்லெக் என்று அதற்குப் பெயர். மெதுவாக ஓடு, மேடு வந்தால் விரட்டி ஏறு, அந்தப் பெரிய மரம் வரைக்கும் வேகம் பிடி, மூச்சு வாங்கினால் நட, திரும்ப ஓடு. விசில் ஊதவோ தூரம் அளக்கவோ ஆள் தேவையில்லை. எங்கே வேகம், எங்கே நிதானம் என்பதை நிலமும் உடம்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும்.

இன்று ட்ரெட்மில் மேல் ஏறி, ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெது என்று பொத்தானை அமுக்கிவிட்டு அதையும் ஃபார்ட்லெக் என்கிறார்கள். ஹோல்மேரின் முறையிலிருந்து காட்டைக் கழித்தால் மிச்சம் இடைவெளிப் பயிற்சி. அதற்குத்தான் ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறதே.

யெம்ட்லாண்டின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனவர் குண்டர் ஹெக். 1918-இல் பிறந்தவர், காட்டில் மரம் வெட்டும் வேலை பார்த்தவர். வோலோடாலன் என்ற மலை விடுதியை நடத்திய கோஸ்தா ஒலாண்டரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். சதுப்பிலும், குளிர்காலத்தில் முழங்கால் வரை புதையும் பனியிலும் ஓட்டம். 1942-இல், ஜூலை 1 முதல் செப்டம்பர் 20 வரையிலான 82 நாட்களில் பத்து உலகச் சாதனைகள் படைத்தார். 5000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் முதலில் ஓடியவரும் அவர்தான். 1945-இல் ஒரு மைலை 4 நிமிடம் 1.4 நொடியில் முடித்தார். அந்தச் சாதனை 1954-இல் ரோஜர் பானிஸ்டர் நான்கு நிமிடத்தை உடைக்கும் வரை நின்றது.

கடிகாரத்தைப் பொருட்படுத்தாத ஒரு பயிற்சியிலிருந்து கடிகாரமே மிரளும் நேரங்கள் வந்தது வேடிக்கைதான். ஆனால் எல்லாப் புகழையும் காட்டுக்கே கொடுத்துவிட மாட்டேன். உலகப் போரில் சுவீடன் நடுநிலை வகித்ததால் அங்கே போட்டிகள் நிற்கவில்லை. மற்ற நாட்டு இளைஞர்கள் போர்க்களத்தில் இருந்தார்கள். போதாக்குறைக்கு ஆர்னே ஆண்டர்சன் என்ற சரிநிகர் போட்டியாளர் சொந்த நாட்டிலேயே இருந்து, ஹெக்கின் சாதனைகளைத் தட்டிப் பறித்துக்கொண்டே இருந்தார். அப்படி ஒருவர் பின்னால் வந்தால் யாருக்கும் கால் வேகமாகத்தான் போகும்.

சாதனையாளர்களை விட்டுவிடுவோம். சாதாரண ஆளுக்கு இந்த ஓட்டம் வாய்த்ததற்குக் காரணம் ஒரு பழைய வழக்கம். காடு யாருக்குச் சொந்தமானாலும் அதில் நடக்கலாம், ஓடலாம், பெர்ரி பறிக்கலாம். வீட்டு வளாகத்துக்குள்ளும் விளைச்சல் நிற்கும் வயலிலும் கால் வைக்கக் கூடாது, எதையும் கெடுக்கக் கூடாது. இந்த உரிமை 1994-இல் அரசியல் சாசனத்திலும் இடம்பெற்றது. பாதை பிடிக்காதவர் அதைவிட்டு விலகி ஓடினாலும் குற்றமில்லை என்பது எனக்குப் பாதையைவிடப் பெரிய வசதியாகத் தெரிகிறது.

எச்சரிக்கைகளும் உண்டு. கோடையில் கொசு, உண்ணி. செப்டம்பரில் எல்க் மான் வேட்டை தொடங்கும். அப்போது பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு போவது உத்தமம்.

எனக்கு உறுத்துகிற ஒன்று மட்டும் இருக்கிறது. பனி கெட்டியானதும் இதே பாதைகளில் பனிச்சறுக்குக்குத் தடம் இழுத்துவிடுகிறார்கள். அந்தத் தடத்தை ஷூக் காலால் மிதித்துக் குழியாக்கினால் ஊரார் முறைப்பார்கள், முறைப்பதும் நியாயம்தான். ஓடுகிறவர் ஆணி பதித்த ஷூவை மாட்டிக்கொண்டு தார் ரோட்டுக்குப் போக வேண்டியதுதான். முழங்கால் பனியில் ஓடிய ஹெக்கைப் பெருமையோடு சொல்கிற ஊரில், பனி விழுந்ததும் முதலில் இடத்தைக் காலி செய்பவர் ஓட்டக்காரர்.