பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் குடியிருப்புக்கு வேலைக்கு வரும் அம்மாக்கள் சிலரின் மகள்களும் மருமகள்களும் கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போகிறார்கள். சிலர் மணப்பாறை, புத்தாநத்தம் பக்கம். சிலர் திருப்பூரிலேயே தங்கி. சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்பது பலருக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல நம்மால் முடியும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,200 பிடிப்பார்கள். முதலாளியும் 1,200 போட வேண்டும். அதில் 833 பென்ஷனுக்கு, 367 பி.எஃப். கணக்குக்கு. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 75 ரூபாய், முதலாளி 325. இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 20 பேர் வேலை செய்தால் பி.எஃப்., 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. பொருந்தும்.

75 ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டியிருந்தால், முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான பணம் கிடைக்கும். கட்டாமல் விட்டது, பெண் நிறைமாதமாகப் போய் நிற்கும்போதுதான் தெரியவரும்.

இந்தப் பணத்தின் அருமை தெரிய 2016-ஐ நினைத்துப் பாருங்கள். பி.எஃப்.பில் முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்கக்கூடாது என்று அந்தப் பிப்ரவரியில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான கார்மென்ட்ஸ் பெண்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள். ஓசூர் சாலையில் போக்குவரத்து நின்றது. 19-ஆம் தேதியே அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 58 வயது வரை தையல் மெஷினில் உட்கார யாரால் முடியும்? பிள்ளையின் ஃபீஸ், மகளின் கல்யாணம் எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான்.

எடுக்கும் உரிமைக்காக அவர்கள் போராடினார்கள். எடுப்பதற்கு முதலில் கணக்கில் பணம் இருக்க வேண்டுமே!

நாம் செய்யக்கூடியது நான்கு காரியம்.

ஒன்று: சம்பளச் சீட்டில் யூ.ஏ.என். நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவான செல்போனிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியாக வரும்.

இரண்டு: ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் ஓரிடத்தில், அப்பா பெயர் ஓரிடத்தில் என்றால் பணம் எடுக்கும்போது சிக்கல். வங்கி கௌன்டரில் இதற்காக அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று: கல்யாணம் ஆனதும் நாமினியைப் புதிதாகப் பதிய வேண்டும்.

நான்கு: கம்பெனி மாறினாலும் பழைய யூ.ஏ.என்.னையே கொடுக்கச் சொல்லுங்கள். பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷன்.

சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால் முதலில் கம்பெனியில் கேட்கட்டும். பதில் இல்லையென்றால் திருச்சி பி.எஃப். அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம். தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி நம்பிக்கை மோசடி. அதனால் சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு வரும் அம்மாவிடம், "பொண்ணோட சம்பளச் சீட்டை ஒரு நாள் கொண்டு வாங்க" என்று கேளுங்கள். பார்க்கத் தெரியவில்லை என்றால் என்னிடம் அனுப்புங்கள். சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.