திங்கட்கிழமை சீஷத்துவம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை அமர்வில் ஆற்றிய உரை)



‘அன்றாட வாழ்வில் சீஷத்துவம்’ என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். பார்த்ததும் செயலாளருக்குப் போன் பண்ணி, “அண்ணே, நான் ஆயர் இல்ல, சிவில் இன்ஜினீயர்” என்றேன். “அதுக்குத்தாம்ப்பா கூப்பிட்டோம். பிரசங்கம் பண்ண ஆள் இருக்காங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகையால் பிரசங்கம் எதிர்பார்க்க வேண்டாம். இங்கே பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்து, சிமெண்டும் ஜல்லியுமாகப் போய்விட்ட ஒருவனின் அனுபவம், அவ்வளவுதான்.

நம்ம கல்லூரிக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1937இல் கல்லூரி பட்டணத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. அடுத்த வருஷமே, 1938 டிசம்பரில், உலக மிஷனரி மாநாடு இதே வளாகத்தில் கூடியது. சீனாவில் நடக்க வேண்டியது; அங்கே யுத்தம் வந்ததால் இங்கே மாறியது. 69 நாடுகளிலிருந்து 471 பேர். இன்றைக்கும் வெளிநாட்டு இறையியல் புத்தகங்களில் ‘தாம்பரம்’ என்றால் நம்ம ரயில்வே ஸ்டேஷன் இல்லை, அந்த மாநாடுதான்!

அந்த மாநாட்டை முன்னிட்டு சென்னைக்காரர்கள் சிலர் சேர்ந்து, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் முக்கியமான இருவர் வி. சக்கரை, பி. செஞ்சையா. இரண்டு பேரும் நம்ம பழைய மாணவர்கள். இரண்டு பேரும் போதகர்கள் இல்லை. சக்கரை வக்கீல், தொழிற்சங்கத் தலைவர். 1941இல் சென்னை மேயராகவும் ஆனார். செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். பகலில் கோர்ட்டு, சங்கம், கேஸ்கட்டு; மிச்ச நேரத்தில் இறையியல். சபை என்கிற அமைப்பைவிட இயேசு என்கிற ஆள்தான் முக்கியம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். ஏன் பாதி என்பதற்குத்தான் இந்தக் கதை.

2013 மார்ச் 28, பெரிய வியாழக்கிழமை. எனக்கு வயசு 26. ஒரு தனியார் கம்பெனியில் சைட் இன்ஜினீயர். பேர் வேண்டாம். சேலையூர் தாண்டி அகரம்தென் போகிற பக்கம் ஒரு மனைப்பிரிவு. அதில் மழைநீர்க் கால்வாய் ஒன்று, 60 மீட்டர் நீளம். 300க்கு 1 வாட்டம் என்று வரைபடத்தில் இருந்தது. அதாவது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 20 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். வருஷக் கடைசி, பில் போயாக வேண்டும். கான்ட்ராக்டர் எம்-புக்கை நீட்டி, “லெவல் எல்லாம் மேஸ்திரி டியூப் வெச்சுப் பாத்துட்டாரு சார், ஸ்லாபும் மூடியாச்சு” என்றார். எனக்கு ஏழு மணிக்குத் திருவிருந்து ஆராதனை. நான் பாடகர் குழுவில் வேறு இருந்தேன். மணி ஐந்தரை. ஆட்டோ லெவல் கருவி வண்டியிலேயே இருந்தது. எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

லஞ்சம் வாங்கவில்லை. அதனாலேயே அது ஒரு பாவமாக எனக்குத் தோன்றவில்லை. கோயிலுக்கு நேரத்துக்குப் போய், நல்லாவே பாடினேன்.

2015 டிசம்பர் 1 யாருக்கும் மறக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரில் மாடி வரைக்கும் படகு போனது. நான் அதற்குள் வேறு கம்பெனி மாறியிருந்தேன். எங்கள் சபை வாலிபர்களோடு பாய், ரொட்டி, பால் பவுடர் கொடுக்கப் போன இடத்தில், ஒரு நாள் அந்த மனைப்பிரிவே வந்துவிட்டது. கடைசி வீட்டில் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கோடு. “மத்த தெருவுல ரெண்டு நாள்ல வடிஞ்சிடுச்சு தம்பி, இங்க மட்டும் ஆறு நாளு” என்று சொல்லிக்கொண்டே எனக்குக் காபி கொடுத்தார். குடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

49 சென்டிமீட்டருக்கு எந்தக் கால்வாயும் தாங்காது என்பது எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்து ஏரிகளெல்லாம் சங்கிலி. ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரத்து. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று போய்க் கடைசியில் பள்ளிக்கரணை. நடுவில் எங்கே அடைத்தாலும் மேலே உள்ளவன் மூழ்குவான். அந்த ஆறு நாளில் என் பங்கு எத்தனை நாள் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. இந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டே இரண்டு வாரம் ஓட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆயர் ஐயாவிடம் சொன்னேன். ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர், “சகேயு மரத்தை விட்டு இறங்கினதும் முதல்ல என்ன பேசினான்? பணத்தைப் பத்திதான. நீ எங்கிட்ட எதுக்கு வந்த? அந்தம்மா வீட்டுக்குப் போ” என்றார். செஞ்சையாவோடு பாதிச் சம்மதம் என்று சொன்னது இதனால்தான். என்னை அந்த வாசல்வரை தள்ளிவிட்டது சபைதான்.

போனேன். விஷயத்தைச் சொன்னேன். அம்மா திட்டவும் இல்லை, மன்னிச்சேன் என்று சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க?” என்றார். முப்பது வருஷம் கணக்கு டீச்சராம்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஸ்லாபுகளைத் தூக்கி லெவல் எடுத்தோம். என் ஹால்மேட் ஒருவன் ஸ்டாஃப் பிடித்தான். அவன் முருக பக்தன், எந்த சீஷத்துவமும் பேசாமல் வெயிலில் மூன்று மணி நேரம் நின்றான். 20 சென்டிமீட்டர் இறங்க வேண்டியது 6தான் இறங்கியிருந்தது. நடுவில் 18 மீட்டருக்கு மேடு. தண்ணீர் வீட்டுப் பக்கமே திரும்பும். பழைய கம்பெனிக்கு நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். போனில் வந்த வார்த்தைகளை மலரில் அச்சிட முடியாது. அந்த வட்டாரத்தில் இரண்டு வருஷம் எனக்கு வேலை கொடுக்க யோசித்தார்கள். வீட்டில் மனைவி, “இது தேவையா?” என்று ஒரு முறை கேட்டாள். அப்போது மூத்தவன் கைக்குழந்தை, கேட்டதில் தப்பில்லை.

கொத்திவிட்டுத் திரும்பக் காங்கிரீட் போட, கீழ்முனையில் அவுட்லெட்டைத் தாழ்த்த, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். தெருக்காரர்கள் பாதி போட்டார்கள். வேண்டாம் என்றேன், டீச்சரம்மா விடவில்லை. “முழுசும் நீங்களே குடுத்தா, நாளைக்குத் தூர் வார யாரும் வரமாட்டாங்க” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

இப்போதும் சைட்டில் கையெழுத்துப் போடும் முன் நானே லெவல் எடுக்கிறேன். கான்ட்ராக்டர்கள் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதும் தெரியும். எல்லா விஷயத்திலும் நான் சரியாகிவிட்டேன் என்று இல்லை. வருமானவரிப் படிவம் பற்றி யாரும் கேள்வி கேட்காதீர்கள்.

மழைக்காலத்தில் அந்த அம்மாவிடமிருந்து போன் வரும். “தம்பி, தண்ணி ஓடுது” என்பார். 2023 டிசம்பர் மிச்சாங் புயலின்போது மட்டும், “ஓடல, நிக்குது. ஆனா வாசப்படிக்குக் கீழதான்” என்றார்.