மூன்று குடங்களும் இரும்புத் துருவும்



தெளிந்த நீரைக் கண்டால் நல்ல நீர் என்று கொள்வது மாந்தர் இயல்பு. பங்களாதேசத்துக் கிராம மக்களும் அவ்வாறே கொண்டனர். குளத்து நீரைப் பருகி வயிற்றுப்போக்கால் மாண்ட குழந்தைகளைக் காக்கும் பொருட்டு, 1970களில் அங்கே குழாய்க் கிணறுகள் பெருந்தொகையாக அமைக்கப்பட்டன. நோக்கம் நன்றே. ஆயினும், நிலத்தடி மண்ணில் இயற்கையாகவே பொதிந்திருந்த ஆசனிக் என்னும் நஞ்சு அந்நீரிற் கரைந்திருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின்னரே உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கரடுகட்டின. சிலரைப் புற்றுநோயும் பற்றியது.

இரசாயனவியலார் ஆசனிக்கை முழு உலோகம் என்னார். எனினும், குடிநீரைப் பற்றிப் பேசுமிடத்துப் பார உலோகங்களோடு சேர்த்தே எண்ணுவர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, 1 இலட்சம் லீற்றர் நீருக்கு 1 கிராம். பங்களாதேசம் தனக்கென வகுத்த எல்லையோ அதன் ஐந்து மடங்கு. கொதிக்க வைத்தால் தீராதோ எனின், நீர்தான் வற்றும், நஞ்சு வற்றாது.

வெறும் மணலும் உதவாது. மணல் சேற்றைத் தடுக்கும்; கரைந்ததைத் தடுக்காது. ஆனால் இரும்புத் துரு, ஆசனிக்கைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக் கொள்ளும் தன்மையது. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். இவ்வுண்மையைக் கொண்டே அந்நாட்டில் மூன்று குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். மேற்குடத்தில் இரும்புச் சீவலும் பருமணலும், நடுக்குடத்தில் கரியும் நுண்மணலும். அடிக்குடத்தில் வடிந்த நீர் சேரும். ஏழை வீட்டிற்கும் இயன்ற முறைதான். ஆனால் நாளடைவில் சீவல்கள் இறுகி ஒரே கட்டியாகி, நீர் இறங்க மறுத்தது.

குஷ்தியாவைச் சேர்ந்த இரசாயனவியலாளர் அபுல் ஹுசாம் இக்குறையைத் தீர்க்க முற்பட்டார். உதிரிச் சீவலுக்குப் பதிலாக, மங்கனீசும் கலந்த, நுண்துளைகள் நிறைந்த இரும்புத் திணிவொன்றை அமைத்தார். ஆசனிக்கின் இரு வடிவங்களுள் ஒன்று துருவில் எளிதில் ஒட்டாது. மங்கனீசு அதனை ஒட்டும் வடிவாக மாற்றத் துணைபுரிகிறது. ‘சோனோ’ எனப் பெயர்பெற்ற இவ்வடிகலத்துக்கு 2007இல் அமெரிக்காவில் 10 இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது.

எனினும் ஒன்று கூறல் வேண்டும். துருவின் மேற்பரப்பு எல்லையற்றதன்று. நீரிலுள்ள பொசுபேற்றும் அவ்விடத்துக்குப் போட்டியிடும். இடம் நிரம்பிய அன்று, வடிகலம் எவ்வித அறிகுறியும் காட்டாமல் நஞ்சை வழியவிடும். அன்றும் நீர் தெளிந்தே இருக்கும். நஞ்சுள்ள கிணறுகளுக்குச் சிவப்பும் ஏனையவற்றுக்குப் பச்சையும் தீட்டியவர்கள், வீட்டு மூலையிலிருக்கும் வடிகலத்துக்கு எந்நிறம் தீட்டுவர்? வடித்த நீரைக் காலந்தோறும் சோதித்துப் பார்ப்பவர் ஒருவர் ஊருக்கு வந்துகொண்டே இருத்தல் வேண்டும்.