தொக்கமா, நரம்பு நோயா?

(நாமக்கல் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)

இன்று நாம் வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வயிற்றைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால், வயிற்று நோயின் பேரால் நம் ஊர்ப்புறங்களில் நடக்கும் மோசடியும், அதனால் பெண்கள் தலையில் விழும் பழியும் கொஞ்சமல்ல. ஆதலால்தான் பேசுகிறோம்.

பல வருஷமாகச் சர்க்கரை வியாதி உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கவளம் உண்டதுமே அவருக்கு வயிறு நிறைந்துவிடுகிறது, உப்புகிறது, காலையில் தின்ற இட்லி மாலையில் வாந்தியாக வருகிறது. வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? "தொக்கம் விழுந்திருக்கிறது" என்கிறார்கள். இல்லையானால், "மருமகள் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள்" என்கிறார்கள். தொக்கம் எடுப்பவன் ஊதி, ஏதோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டிக் காசு வாங்கிக்கொள்ளுகிறான். அத்துணுக்கு நோயாளியின் வயிற்றிலிருந்து வந்ததா, அல்லது அவன் விரலிடுக்கிலிருந்து வந்ததா என்று ஒருவராவது கேட்டதுண்டா?

உண்மை என்னவென்றால், இரைப்பை வெறும் பை அல்ல. அது நிமிஷத்திற்குச் சுமார் 3 தடவை சுருங்கி, உணவை அரைத்து, சிறிது சிறிதாகக் குடலுக்குத் தள்ளுகிறது. இவ்வேலையை நடத்துவதில் மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் என்னும் நரம்புக்குப் பெரும் பங்கு உண்டு. இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் மிகுந்திருந்தால், காலை மரத்துப்போகச் செய்வது போலவே இந்த நரம்பையும் கெடுத்துவிடக் கூடும். அப்போது அடைப்பு ஏதுமில்லாமலே உணவு தேங்குகிறது. காசாண்டர் என்னும் வைத்தியர் 1958-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதிவிட்டார். குடலின் நரம்புகளும் கெட்டால் சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரவில் பேதி. ஆகவே, நரம்பு செய்த குற்றத்திற்கு மருமகளைத் தண்டிப்பது எந்த நியாயம்?

நிற்க, நம் நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர். இந்த நோயைக் கண்டறியவும் முட்டைதான் உதவுகிறது! மிகச் சிறிதளவு கதிர்வீச்சுப் பொருள் கலந்த முட்டை வெண்கருவை ரொட்டியுடன் உண்ணக் கொடுத்து, 4 மணி நேரம் வரை படமெடுக்கிறார்கள். அதன் பிறகும் 100-க்கு 10 பங்குக்கு மேல் வயிற்றில் தங்கியிருந்தால் இரைப்பை மந்தம் என்று தீர்மானிக்கிறார்கள். புண்ணோ அடைப்போ உண்டா என்பதை முன்னதாகவே குழாய் விட்டுப் பார்த்துவிடுகிறார்கள். தொக்கக்காரனிடத்தில் இப்படி ஏதாவது அளவு உண்டா?

இதில் உயிருக்கே ஆபத்தும் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ட உணவு வயிற்றிலேயே நின்றுவிட்டால், மருந்து மட்டும் வேலை செய்து சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்க்கும், நடுங்கும், பிதற்றுவார், நினைவு தப்பும். இதைப் "பேய் பிடித்தது" என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் ஆள் தங்கமாட்டார். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, செய்யவேண்டியது என்ன? வயிறு முட்ட 3 வேளை உண்பதை விட்டு, 5, 6 தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக உண்ண வேண்டும். குழைய வேகவைத்து, நன்றாக மென்று தின்ன வேண்டும். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்க வேண்டும். மற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லதென்று சொல்லப்படும் நார்ப்பொருள் இவர்கள் வயிற்றில் கட்டியாகத் திரண்டுவிடக் கூடும். ஆகையால் கீரைத்தண்டு, முருங்கைச் சக்கை வேண்டாம். உண்டதும் படுக்காமல் சற்று நடக்கலாம். மாத்திரையும், இன்சுலின் போடும் நேரமும் வைத்தியர் சொல்லியே மாற்ற வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, சர்க்கரையை அடக்கி வைக்க வேண்டும்.

2023-ல் வெளியான ஆராய்ச்சிக் கணக்கின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அத்தனை பேருக்கும் வயிறு மந்தப்படும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், மந்தப்பட்டவர் போகவேண்டிய இடம் எது? 2022 முதல் நாமக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. இவ்வளவுக்கும் பிறகு தொக்கக்காரன் திண்ணையில் காத்துக்கிடப்பது அறிவுடைமையாகுமா?

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். வைத்தியரைக் கேளுங்கள், உங்கள் அறிவைக் கொண்டு யோசியுங்கள். ஆனால், அதுவரையில் வீட்டிலுள்ள பெண்ணின் மீது பழி சொல்லுவதையாவது நிறுத்துங்கள்.